ஆறு வால்வுகள்

கச்சேரி ஆரம்பமாவதற்கு முன் மிருதங்க வித்வான் இடந்தலையில் ரவைப் பசையை அப்புவதை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் அப்புவார், தட்டிப் பார்ப்பார், அதிலிருந்து ஒரு சிட்டிகை கிள்ளி எடுத்துவிடுவார், மறுபடி தட்டுவார், கிள்ளி எடுத்ததையே திரும்பவும் ஒட்டுவார். முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் நமக்கோ, முன்னுக்கும் பின்னுக்கும் யாதொரு வித்தியாசமும் தெரியாது. "இந்த ஒரு சிட்டிகை ரவையில்தானா கச்சேரி கெட்டுவிடப் போகிறது?" என்று நாம் பல தடவை முணுமுணுத்ததுண்டு. அப்படி முணுமுணுத்த பாவந்தானோ என்னவோ, 2024-ம் வருஷம் ஐப்பசி மாதத்தில் மூன்று வாரம் நாம் நம் வீட்டு நிலவறையில் ஆறு கண்ணாடி வால்வுகளுக்கு முன்னால் குந்தியிருந்து, ஒன்றைப் பிடுங்கி ஒன்றைச் செருகி, தட்டித் தட்டிக் கேட்கும்படி ஆயிற்று.

நாம் குடியிருப்பது அமெரிக்காவில், நியூ ஜெர்ஸி ராஜ்யத்தில், எடிஸன் என்னும் ஊரில். முருங்கைக்காய்க்கும் தோசை மாவுக்கும் குறைவில்லாத ஊர். நிலவறை என்பது இந்நாட்டில் பல வீடுகளின் அடியில் உள்ள ஓர் அறை. வேண்டாத சாமான்களும், வேண்டாம் என்று சொல்ல மனம் வராத சாமான்களும் அங்கே வாசம் செய்யும். நம் நிலவறையில் அவ்விதம் பதினேழு வருஷம் வாசம் செய்தது ஒரு பாஸ் கிதார் ஆம்ப்ளிஃபயர்.

பாஸ் கிதார் என்பது நான்கு தடித்த தந்திகள் உடையது. மேல்நாட்டு மெல்லிசையில் அடிநாதத்தை வகிப்பது. அதன் தந்தியை மீட்டினால் எழும் மின்சாரம் மிகச் சொற்பம். அதைப் பெரிதாக்கி ஒலியாக வெளியே விடும் பெட்டிதான் ஆம்ப்ளிஃபயர். நம்முடையது ஆம்பெக் கம்பெனியார் 1960-களில் செய்த பி-15 என்னும் ரகம். இந்தக் கம்பெனியின் மூலபுருஷர் எவரெட் ஹல் என்ற டபிள் பாஸ் வாத்தியக்காரர். ஆளுயரத்துக்கு நிற்கும் அந்தப் பெரிய பிடில் மற்ற வாத்தியங்களின் சத்தத்தில் அமுங்கிப் போகிறதே என்று, அது தரையில் ஊன்றி நிற்கும் காலுக்குள்ளேயே ஒரு மைக்கைப் பொருத்தினார். அந்தக் காலுக்கு ஆங்கிலத்தில் 'பெக்' என்று பெயர், ஆகவே ஆம்பெக். பி-15 பெட்டி 1960-ல் வெளி வந்தது. ஜெஸ் ஆலிவர் என்பவர் அமைத்தது. வாசித்து முடித்ததும் மேலே இருக்கும் வால்வுகளையும் கம்பிகளையும் அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பெட்டிக்குள் இறக்கிப் பூட்டிவிடலாம். ஸர்க்கஸ் வித்தை மாதிரி இருக்கும். டெட்ராயிட் நகரத்து ஜேம்ஸ் ஜேமர்ஸன் என்ற மகா வித்வான் இந்த ரகப் பெட்டியில் வாசித்தவர். அதனால் இன்றைக்கும் பாஸ் கிதார்க்காரர்கள் இதன் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. ஹல் அவர்களுக்கு ராக் அண்ட் ரோல் சங்கீதம் என்றாலே ஆகாது. ஒலியில் பிசிறு தட்டக் கூடாது, உள்ளது உள்ளபடி வர வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். இன்று அந்தப் பெட்டியை நாடி அலைகிறவர்களில் பாதிப் பேர், ஓங்கி மீட்டும்போது வால்வு கொஞ்சம் மூச்சுத் திணறி எழுப்பும் அந்தக் கரகரப்புக்காகவே அலைகிறார்கள்!

2004-ல், நம் பையனுக்கு வயது 14 இருக்கும்போது, கல்யாணங்களில் வாசித்து ஓய்ந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் வீட்டைக் காலி செய்கையில் இந்தப் பெட்டியை அவரிடம் வாங்கினோம். இருவர் சேர்ந்துதான் தூக்க முடிந்தது. கூடவே ஒரு பழைய செருப்புப் பெட்டி நிறைய மாற்று வால்வுகளையும் கொடுத்தார். "சிவப்பு மசியால் பெருக்கல் குறி போட்டிருப்பவை செத்துப் போனவை. எறியவும் மனம் வரவில்லை" என்றார்.

வால்வு என்றால் நம் தலைமுறைக்குப் புதிதல்ல. ஊரில் பெரிய ரேடியோவைத் திருகிவிட்டு, உள்ளே செந்நிறமாய் இழைகள் கனிந்து குரல் வரும் வரையில் காத்திருந்தவர்கள் நாம். கண்ணாடிக் குப்பி, உள்ளே காற்று இல்லை, நடுவில் சுடும் இழை, சுற்றிலும் ஒரு தகடு, இரண்டுக்கும் நடுவே மெல்லிய கம்பிச் சுருள். சூடேறிய நடுத்தண்டிலிருந்து மின்னணுக்கள் தகட்டை நோக்கிப் பாயும். நடுவிலுள்ள சுருளில் சிறிது மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்தால், அந்தப் பெரும் பாய்ச்சல் அதற்கேற்பக் கூடும், குறையும். மதகைச் சுண்டு விரலால் அசைத்து வாய்க்கால் வெள்ளத்தை ஆட்டி வைப்பது போலத்தான்.

இந்தச் சமாசாரத்தின் ஆதி காரணம் நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிகழ்ந்தது என்பதை நாம் குடியேறி வெகு காலத்துக்குப் பிறகே அறிந்தோம். மென்லோ பார்க் என்பது இவ்வூரின் ஒரு பகுதி. அங்கே 1880-ல் எடிஸன் தம்முடைய விளக்குக் குப்பியின் உட்புறம் கறுப்பதைக் கண்டு ஆராய்ந்தபோது, காற்றில்லாத வெளியில் இழையிலிருந்து மின்சாரம் பாய்வதைக் கவனித்தார். 1884-ல் அதற்கு உரிமைப் பட்டயமும் பெற்றார். என்ன உபயோகம் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. 1904-ல் இங்கிலாந்தில் பிளெமிங்கும், 1906-ல் அமெரிக்காவில் டி பாரஸ்டும் வந்து அதற்கு உபயோகம் கண்டார்கள். ராரிட்டன் என்றிருந்த ஊர்ப் பெயர் 1954-ல் எடிஸன் என்று மாறிற்று. எடிஸன் நிலையத்தில் ரயிலேறினால் மெட்டூச்சன், மெட்ரோபார்க், ராவே, அடுத்தது லிண்டன். நம் பெட்டி பிறந்த இடம் அது. அதற்கப்பால் நூவர்க்கையும் ஆற்றையும் தாண்டினால் ஹாரிஸன். எடிஸனின் விளக்குத் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. 1930 முதல் ஆர்.ஸி.ஏ. கம்பெனியார் அங்கே வால்வு செய்து வந்தார்கள், 1976-ல் மூடிவிட்டார்கள். ஒரே ரயில் பாதையில் இவ்வளவும்!

இனி நாம் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் தீர வேண்டும்.

2007-ல் பையனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரவிருந்தது. கல்லூரிப் பிரவேசப் பரீட்சை நெருங்கிற்று. பையனோ சாயங்காலம் நிலவறைக்குள் இறங்கினால் இராப் போஜனத்துக்குக் கூப்பிடும் வரையில் ஏற மாட்டான். மேலே நாற்காலிக் கால்கள் அதிரும். அலமாரியில் எவர்ஸில்வர் தம்ளர்கள் பேசிக்கொள்ளும். கண்டித்தோம், கெஞ்சினோம், பலிக்கவில்லை. ஒரு நாள் அவன் பள்ளிக்கூடம் போயிருந்த சமயம், கீழே இறங்கிச் சென்று, செருப்புப் பெட்டியிலிருந்து சிவப்புக் குறியிட்ட ஒரு வால்வைப் பொறுக்கினோம். குறியை ஈரத் துணியால் துடைத்தோம். பெட்டியில் இருந்த மூன்று சிறிய வால்வுகளில் மூன்றாவதைப் பிடுங்கி, செத்ததை அந்த இடத்தில் செருகினோம். அதில் இழை எரியும். வேலை மட்டும் நடக்காது. நல்ல வால்வை ஒரு மூக்குக் கண்ணாடிக் கூட்டில் போட்டு, நம் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினோம்.

அன்று மாலை பெட்டி ஈனஸ்வரத்தில் முனகிவிட்டு ஓய்ந்தது. பையன் மேலே வந்து, "அப்பா, பெட்டி போய்விட்டது" என்றான். "பழைய சாமான் அப்படித்தான். பரீட்சை முடியட்டும், சரி செய்துகொள்ளலாம்" என்றோம். பரீட்சை முடிந்தது. நாம் சரி செய்யவில்லை, அவன் கேட்கவில்லை. அடுத்த மாதம் கிதாரை யாருக்கோ விற்றுவிட்டு வந்தான். பிறகு கல்லூரி, உத்தியோகம், கலிபோர்னியா. டெலிபோனில் பேசினால் சீதோஷ்ணம் பற்றிப் பேசுவோம்.

2024-ல், புரட்டாசி முடிகிற சமயம், அவன் கூப்பிட்டான். ஆபீஸ் சிநேகிதர்கள் சிலர் சேர்ந்து சாயங்காலங்களில் வாசிக்கிறார்களாம். தானும் ஒரு கிதார் வாங்கியிருக்கிறானாம். நவம்பர் கடைசியில் நன்றியறிதல் பண்டிகைக்கு வரும்போது கொண்டுவருவானாம். பிறகு கொஞ்சம் தயங்கி, "அந்தப் பெட்டி இன்னும் இருக்கிறதா, அப்பா?" என்றான்.

"இருக்கிறது, இருக்கிறது! பேஷாக இருக்கிறது!" என்று நாம் சொன்ன வேகத்தைக் கண்டு நம் சகதர்மிணி திரும்பிப் பார்த்தாள்.

இழுப்பறையைத் திறந்து அந்த வால்வை எடுத்து மாட்டிவிட்டால் காரியம் முடிந்தது என்றுதானே நேயர்கள் நினைப்பீர்கள்? நமக்கும் அது தோன்றாமலில்லை. ஆனால் அந்தக் கூட்டைத் திறக்கக் கை வரவில்லை. எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிட்டால் பழையது ஒன்றும் மிச்சமிராது, யாரும் எதுவும் கேட்க முடியாது என்று மனம் குறுக்கு வழி பார்த்தது.

பக்கத்து ஊரில் இம்மாதிரிப் பெட்டிகளைச் சிகித்ஸை செய்யும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் பெட்டியை எடுத்துச் சென்றோம். பல வருஷம் சும்மா கிடந்ததை எடுத்த எடுப்பில் மின்சாரத்தில் செருகாமல் கொண்டுவந்தோமே, அதற்கே ஒரு சபாஷ் கொடுத்தார். உள்ளே ஏறக்குறைய 400 வோல்ட் நடமாடுகிறது. பெட்டியை அணைத்த பிறகும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். தொட்டால் ஆளை அடித்துவிடும். காலம் கடந்த அந்த மின்தேக்கிகளை அவர் மாற்றினார். இரண்டு கால் செருகியை எடுத்துவிட்டு, பூமிக்கம்பியுடன் கூடிய மூன்று கால் செருகி போட்டார். இவ்வளவும் வால்வைத் தொடுவதற்கு முன்பு. பெட்டியின் உட்புறத்தைத் திறப்பது தம் போன்றவர்கள் வேலை என்றும், வால்வு மாற்றுவதோடு நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொன்னார்.

அப்புறம் ஒவ்வொரு வால்வாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வால்வின் உட்சுவரில் கண்ணாடிக்குள் ரஸம் பூசினாற்போல் ஒரு பளபளப்பு இருக்கும்; அது வெள்ளையாகப் பூத்துப் போயிருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது என்று அர்த்தம். நம்முடையவற்றில் அப்படி ஒன்றுமில்லை. மூன்றாவது சிறிய வால்வை மட்டும் சற்று அதிக நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இந்தப் பெட்டியோடு வந்ததல்ல. இதோ, கண்ணாடியில் சிவப்பு மசியின் தடம். யாரோ துடைத்திருக்கிறார்கள்" என்றார்.

"அப்படியா! விசித்திரமாக இருக்கிறதே!" என்றோம் நாம்.

பி-15 பெட்டியில் நமக்குக் கிடைத்த ரகத்தில் ஆறு வால்வுகள். சிறியவை மூன்று, 6 எஸ்.எல். 7 என்பவை, கிதாரிலிருந்து வரும் சொற்ப மின்சாரத்தைப் படிப்படியாக வளர்ப்பவை. பெரியவை இரண்டு, 6 எல். 6 என்ற ஜோடி; பதினைந்து அங்குல ஒலிபெருக்கியைத் தள்ளும் பலம் இவற்றுடையது. மிச்சம் ஒன்று 5 ஏ.ஆர். 4, சுவரிலிருந்து வரும் முன்னும் பின்னும் அலையும் மின்சாரத்தை ஒரே திசையில் ஓடச் செய்வது. பெயரின் முதல் எண் இழைக்கு எத்தனை வோல்ட் என்பதைக் குறிக்கும். 6 என்றால் 6.3, 5 என்றால் 5. இதெல்லாம் தெரிந்துகொண்ட கர்வத்தில் நாமே கடையில் எழுதிக் கேட்டு மூன்று சிறிய வால்வுகளைத் தருவித்தோம். மாட்டினால், பையனின் பெட்டி தொண்டை கட்டிய பாகவதர் போலப் பேசிற்று. பெரியவரிடம் ஓடினோம். அவர் வால்வைப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். நாம் வாங்கியது 6 எஸ்.என். 7! கால்கள் எல்லாம் அதே இடத்தில். ஆகவே கச்சிதமாகச் செருகிக்கொள்ளும். ஆனால் எஸ்.எல். 70 மடங்கு பெருக்க வல்லது என்றால் எஸ்.என். 20 மடங்குதான்; இழையோ இரட்டிப்பு மின்சாரத்தைத் தின்னும். 'எல்'லுக்கும் 'என்'னுக்கும் இவ்வளவு வித்தியாசம். குற்றம் கடைக்காரருடையதல்ல, நம் கையெழுத்தினுடையது.

புதிய வால்வு என்று இன்று சொல்லப்படுபவை பெரும்பாலும் மூன்றே தேசங்களிலிருந்து வருகின்றன: ருஷ்யாவில் ஸராடோவ், ஸ்லோவாகியாவில் சாட்ஸா, பிறகு சீனா. பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரைக் கண்டு மயங்கக் கூடாது. டங்-ஸால் என்பது ஒரு காலத்தில் நம் நூவர்க் நகரத்துக் கம்பெனி; இன்று அப்பெயரைத் தாங்கி வரும் வால்வுகள் ஸராடோவில் பிறப்பவை. 2022 மார்ச்சில், யுத்தத்தை ஒட்டி ருஷ்யா பல சரக்குகளின் ஏற்றுமதியைத் தடுத்தபோது, உலகெங்கும் கிதார் வாசிப்பவர்கள் கதிகலங்கிப் போனார்கள். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த பொருள், இரண்டு மூன்று தொழிற்சாலைகளின் தயவில் உயிரோடிருக்கிறது. இன்னொரு வகை உண்டு: பழைய நாளில் செய்து, உபயோகிக்கப்படாமல் பெட்டிக்குள் உறங்கியவை. இவற்றின் விலையை இங்கே எழுதினால் நம் சகதர்மிணி படிக்க நேரும். ஆகையால் எழுதவில்லை.

பெரிய ஜோடியைத் தேர்ந்தெடுப்பது சுலபமாக முடிந்தது. வண்டி மாடு மாதிரிதான். ஒன்று முரட்டுக் காளை, ஒன்று கிழம் என்று பூட்டினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பெட்டியில் அது உறுமலாகக் கேட்கும். நம் பழைய ஜோடியில் ஒன்று சோர்ந்துவிட்டிருந்தது. இரண்டும் ஒரே அளவு மின்சாரம் இழுக்கும்படி அளந்து பொறுக்கிய புது ஜோடி வாங்கினோம். நம் பெட்டியில் அந்த அளவைத் திருகிச் சரி செய்யும் குமிழ் கிடையாது. ஆகவே அதற்கு ஒத்து வரும் வால்வைத்தான் தேட வேண்டும். மாட்டிய பிறகு விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் பார்க்க வேண்டும் என்று பெரியவர் சொல்லியனுப்பினார். இழை மட்டும் செம்மையாய் ஒளிர்ந்தால் க்ஷேமம். கண்ணாடி ஓரமாக நீலம் படர்ந்தாலும் பாதகமில்லை. சுற்றியுள்ள தகடே உலைக்களத்து இரும்பு போல் சிவந்தால் உடனே அணைத்துவிட வேண்டும். நாம் இருட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம். சிவக்கவில்லை. 5 ஏ.ஆர். 4-ஐ மாற்றினால் ஒலியின் குணமே மாறும் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். மாற்றிப் பார்த்தோம், நம் செவிக்கு எட்டவில்லை, பழையதையே விட்டுவிட்டோம்.

சிறிய வால்வுகளில்தான் மூன்று வாரமும் போயிற்று. முதல் இடத்தில் இருக்கும் வால்வு மிகவும் சாதுவாக இருக்க வேண்டும். ஏனென்றால் அது கொஞ்சம் இரைந்தால் பின்னால் வரும் அத்தனை வால்வுகளும் அந்த இரைச்சலைப் பெருக்கிக்கொண்டே போகும். ஊர் வம்பு பரவுவது போல, ஆரம்பிக்கிறவர் சேர்த்த கண்ணும் மூக்கும் கடைசி வீட்டில் யானையாகிவிடும். சோதிக்கும் விதம் நேயர்களுக்கு நன்றாகப் பழகியதே: சந்தையில் பானை வாங்கும்போது விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பதில்லையா? அதேபோல் எரிகிற வால்வைப் பென்ஸிலின் மரக்கட்டை முனையால் மெள்ளத் தட்ட வேண்டும். நல்ல வால்வு சும்மா இருக்கும். கெட்டது ஒலிபெருக்கியில் 'டிங்' என்று மணி அடிக்கும். அதன் உள்ளுறுப்புகள் தளர்ந்து, தானே ஒரு மைக்காக மாறிவிட்டது என்று அர்த்தம். செருப்புப் பெட்டியிலிருந்த குறியில்லாத வால்வுகள் ஏழில் நான்கு மணி அடித்தன. ஒன்று கோயில் கண்டாமணியேதான்.

மிச்சமிருந்த மூன்றும், புதிதாகத் தருவித்த இரண்டும் ஆக ஐந்து. இவற்றில் எது எங்கே? பையன் வருவதற்கு முன் கிதாருக்கு எங்கே போவது? சகதர்மிணியின் தம்பூரா நினைவுக்கு வந்தது. குடத்தில் நாணயம் அளவு ஒரு ஒட்டும் மைக்கைப் பதித்துப் பெட்டியில் இணைத்தோம். டபிள் பாஸின் காலில் ஹல் மைக்கை வைத்ததற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. தம்பூராவின் மந்தர ஸட்ஜம் பாஸ் கிதாரின் அடித்தந்தி அளவுக்கு இறங்காது. ஆனாலும் அதன் ரீங்காரத்தில் ஒளிந்திருக்கும் நுண்ஸ்வரங்கள் எந்த வால்வில் பிழைக்கின்றன, எதில் மங்குகின்றன என்று கேட்கலாம். கேட்பது யார்? நமக்கு விலை தெரியும். விலை தெரிந்த காதை நம்பக் கூடாது. அவள் மாடிப்படியில் நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். நாம் வால்வை மாற்றுவோம், பெரியவரின் கட்டளைப்படி நன்றாகச் சூடேறும் வரை காத்திருப்போம், தந்தியை மீட்டுவோம். அவள் தீர்ப்பளிப்பாள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு வால்வுதான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் நல்லது எதனால் வந்தது, கெட்டது எதனால் வந்தது என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

"மூக்கடைத்தாற்போல் இருக்கிறது" என்பாள். "இது நன்றாயிருக்கிறது, ஆனால் பின்னால் யாரோ அரிசி புடைக்கிறார்கள்" என்பாள். ஒரே வால்வை அவளுக்குத் தெரியாமல் இரண்டு முறை போட்டோம். இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே வார்த்தையைச் சொன்னாள். அதிலிருந்து அவள் காதில் நமக்கு ஒரு பயபக்தி உண்டாயிற்று. நாம் மிக அதிக விலை கொடுத்த பழைய நாள் வால்வை அவள் மூன்றாம் இடத்துக்குத் தள்ளிவிட்டாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

நான்காம் நாள் இரவு, இரண்டு இடங்கள் முடிவாகி மூன்றாவதற்கு வந்தோம். ஐந்தில் மிஞ்சிய மூன்றையும் மாறி மாறிப் போட்டோம். அவள் திரும்பாமலே சொன்னாள்:

"அந்த மூக்குக் கண்ணாடிக் கூட்டில் இருப்பதையும் போட்டுப் பாருங்களேன்."

நம் கையிலிருந்த வால்வு கீழே விழாதது தெய்வாதீனம்.

"உனக்கு எப்படி...?"

"எப்பொழுதோ இழுப்பறையைத் துடைத்தபோது பார்த்தேன். குழந்தை கிதாரை விற்றுவிட்டு வந்த வருஷம். நீங்களாகச் சொல்வீர்கள் என்று இருந்தேன்."

மாடிப்படியில் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றோம். பிறகு மேலே போய்க் கூட்டை எடுத்து வந்தோம். உள்ளே பஞ்சு வைத்து வைத்திருக்கிறோம், அதைக்கூட மறந்துவிட்டிருந்தோம். செருகினோம். காத்திருந்தோம். மீட்டினோம். கதையென்றால் இந்த இடத்தில் தேவகானம் எழும்பியிருக்க வேண்டும். அவள் கொஞ்சம் யோசித்து, "இதற்கும் முன்னே போட்டதற்கும் எனக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனாலும் இதுவே இருக்கட்டும்" என்றாள்.

பண்டிகைக்கு முந்தின நாள் பையன் வந்தான். சாப்பிட்ட கையோடு கிதாரை எடுத்துக்கொண்டு நிலவறையில் இறங்கினான். பெட்டியின் மூடியைத் திருப்பி வால்வுகளை மேலே கொண்டுவரும் வித்தை அவன் கைக்கு மறக்கவில்லை. இழைகள் கனிந்தன. முதலில் ஒரே ஒரு தந்தியை மீட்டினான். மேலே தம்ளர்கள் பேசின. கண்ணை மூடிக்கொண்டு கால் மணி வாசித்தான். கொஞ்சம் ஓங்கி மீட்டியபோது அந்தக் கரகரப்பு வந்தது. ஹல் இருந்திருந்தால் முகம் சுளித்திருப்பார்.

"என்ன அப்பா மாற்றினீர்கள்?" என்றான்.

பெரிய ஜோடியைச் சொன்னோம். மின்தேக்கிகளைச் சொன்னோம். எல்லையும் என்னையும் மாற்றி வாங்கிய கதையைச் சொன்னோம், சிரித்தான். முதல் வால்வைச் சொன்னோம், இரண்டாவதைச் சொன்னோம். "மூன்றாவது..." என்று ஆரம்பித்து, 2007-ல் நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிவிட்டோம்.

தந்திகளின் மேல் உள்ளங்கையை வைத்து ஒலியை அடக்கினான். பெட்டியின் மெல்லிய இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் முகத்தைப் பார்க்க நமக்குத் துணிவில்லாமல் வால்வுகளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கிதாரை நாற்பது டாலருக்கு விற்றேன், அப்பா" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

வெகு நேரம் கழித்து, "அந்தச் செத்த வால்வு எங்கே?" என்று கேட்டான். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியில் இருந்த தடத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தான். சிவப்பு மசிப் பேனா ஒன்று கேட்டான். தேடிக் கொடுத்ததும், அதே இடத்தில் அழுத்தமாக ஒரு பெருக்கல் குறி போட்டு, மசி உலரும் வரை ஊதி, செருப்புப் பெட்டியில் மற்றவற்றோடு வைத்தான்.

பிறகு கிதாரை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "விளக்கை அணையுங்கள், அப்பா. தகடு சிவக்கிறதா பார்ப்போம்" என்றான்.